ஹாஷ் அட்டவணையில் பின்னோக்கி நடத்தல்: தமிழ்ச் சொல்லடைவு ஆக்கத்தில் வரிசை பற்றிய ஒரு விளக்கம்

சங்க நூல்களுக்குச் சொல்லடைவு ஆக்கும் பணி கணினிக்கு முன்னரே தொடங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவு சீட்டுகளின் காலத்து உழைப்பு. தாமஸ் லேமன், தாமஸ் மால்ட்டன் இருவரும் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவு கணினியின் துணையோடு உருவானது. இன்றோ மதுரைத் திட்டம் போன்ற மின்தொகுப்புகளிலிருந்து பாடத்தை எடுத்து, இருபது வரி நிரல் எழுதத் தெரிந்த மாணவர் எவரும் ஒரு மாலைப் பொழுதில் தமக்கென ஓர் அடைவை உண்டாக்கிக்கொள்ள முடிகிறது. இவ்வெளிமை நல்லதே. ஆயினும் அந்த இருபது வரிகளுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் இடர்ப்பாட்டை நம் துறையினர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. கவனியாதோருள் நானும் ஒருவன் என்பதால் என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

2009ஆம் ஆண்டளவில் இலண்டனில், குறுந்தொகைச் சொற்களைத் தொகுக்கும் சிறு நிரலொன்றைப் பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில் எழுதினேன். ஒவ்வொரு சொல்லும், அது வரும் பாடல் எண்களும் பைத்தானில் 'டிக்ட்' எனப்படும் கொள்கலத்துள் இடப்பட்டன. கொள்கலத்தை முதலிலிருந்து இறுதிவரை ஓடவிட்டு, வந்த வரிசையிலேயே சொற்களுக்கு எண் கொடுத்தேன். பின்னர் அதே பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, 'நூலின் இறுதிப் பகுதியில் புதிதாகத் தோன்றும் சொற்கள்' என்று ஓர் அட்டவணையும் அமைத்தேன். கடைசியாக உள்ளே சென்றது திருப்பும்போது முதலில் வெளியே வரும் என்பது என் எண்ணம். நிரலை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வந்தது. மாறாத விடை சரியான விடை என்று நம்பிவிட்டேன். அச்சொல்லெண்களை அடிக்குறிப்புகளிலும் பயன்படுத்தினேன்.

சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வு மாணவர், நான் கொடுத்திருந்த நிரலைப் பைத்தானின் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, என் அடிக்குறிப்பின் எண்களுள் எதுவும் பொருந்தவில்லை என்று எழுதினார். இரண்டாம் முறை ஓட்டியபோது எண்கள் மீண்டும் மாறினவாம். நான் ஓட்டினேன், எனக்கு வந்தது மூன்றாவது வரிசை. அச்சில் வந்துவிட்ட எண்களுக்கு அதன்பின் முகவரியே இல்லாமற் போயிற்று.

சிதறி வைத்தலின் இயல்பு

நடந்தது என்னவென்று விளங்க, ஹாஷ் அட்டவணை ஒரு சொல்லை எங்கே வைக்கிறது என்று பார்த்தல் வேண்டும். அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவோர் முன்னும் பின்னும் புரட்டி நெருங்குகின்றனர். ஹாஷ் முறையில் புரட்டுதல் இல்லை. சொல்லின் எழுத்துகளைக் கொண்டு ஓர் எண் கணிக்கப்படுகிறது. அவ்வெண் நேரே ஓர் அறையைக் காட்டுகிறது. சொல் அங்கே இருக்கும், அல்லது இராது. இக்கருத்தை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 சனவரியில் எழுதிய உள்குறிப்பொன்றில் முன்வைத்தார் என்பர் வரலாற்றாசிரியர். கட்டுரைத் தலைப்புகளின் சொற்களை அவற்றின் சூழலோடு அடுக்கிக்காட்டும் 'க்விக்' அடைவை அதே பத்தாண்டின் இறுதியில் வழங்கியவரும் அவரே. தேடுவதற்குச் சிதறலையும், மனிதர் படிப்பதற்கு அகர அடுக்கையும் அவர் கையாண்டார். நான் அவ்விரண்டையும் குழப்பிக்கொண்டேன்.

எளிய கணக்கொன்றால் இதைக் காட்டலாம். நிலம், நீர், தீ, வளி, விசும்பு என்னும் ஐந்து சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொல்லின் யூனிக்கோடு குறியெண்களையும் கூட்டி, அறைகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியை அறை எண்ணாகக் கொள்வோம். (மெய்யான நிரல்கள் இவ்வளவு எளிய கூட்டலைப் பயன்படுத்துவதில்லை, எழுத்து இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது என்பது இதன் குறை. விளக்கத்திற்கு இது போதும்.) நிலம் 14,996, நீர் 12,005, தீ 5,988, வளி 8,999, விசும்பு 23,989. அறைகள் ஏழு எனில் நீரும் விசும்பும் சுழியாம் அறைக்கும், நிலம் இரண்டாம் அறைக்கும், தீ மூன்றுக்கும், வளி நான்குக்கும் செல்கின்றன. அறைவரிசையில் நடந்தால் நீர், விசும்பு, நிலம், தீ, வளி.

சொற்கள் பெருகும்போது அட்டவணை தன் அறைகளைப் பெருக்கிக்கொள்ளும். அறைகள் பதினொன்றாகட்டும். இப்போது வளி ஒன்றாம் அறையில், நிலம் மூன்றில், நீரும் தீயும் நான்கில், விசும்பு ஒன்பதில். வளி, நிலம், நீர், தீ, விசும்பு என்று வரிசை முற்றிலும் மாறிவிட்டது. சொற்கள் அவையே, உட்சென்ற முறையும் அதுவே. ஓரறையில் இரு சொற்கள் சேர்ந்தால் அவற்றுள் எது முன் நிற்கும் என்பதோ நிரலாளர் சங்கிலியின் தலையில் கோத்தாரா வாலில் கோத்தாரா என்பதைப் பொறுத்தது.

இந்த வரிசையைத் திருப்பிப் பார்ப்பதால் என்ன கிடைக்கும்? திருப்பிய தற்செயலே கிடைக்கும். 'பின்' என்ற சொல்லுக்கு அங்கே பொருளில்லை, ஏனெனில் 'முன்' என்பதற்கே அங்கே பொருளில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரம் தன் ஹாஷ் கொள்கலத்திற்கு 'வரிசையற்ற' என்று பொருள்படும் 'அன்ஆர்டர்ட்' என்னும் அடைமொழியையே பெயரில் சேர்த்தது. அதன் சுட்டிகள் முன்னோக்கி நகர்ந்தால் போதும் என்பதே அத்தரத்தின் கட்டாயம். மர அமைப்புடைய 'மேப்' கொள்கலத்துக்குள்ள 'ஆர்பிகின்' என்னும் பின்னோக்கிய தொடக்கம் இதற்கு இல்லை. இத்தரத்திற்கு முன் வழங்கிய 'ஹாஷ் மேப்' வகைகளுள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தினது இருபுறமும் நகரவல்லது. எஸ்ஜிஐ நிறுவனத்தினது முன்னோக்கி மட்டுமே நகரும். ஒன்றில் எழுதி மற்றொன்றுக்குப் பெயர்த்தோர் 'பின்னோக்கி எப்படி நடப்பது?' என்று கேட்கத் தொடங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

தடைக்குப் பின்னே சிக்கனமும் உண்டு. க்னூ தொகுப்பி இக்கொள்கலத்தின் உறுப்புகளை ஒருவழிச் சங்கிலியாகக் கோத்திருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததை மட்டும் அறியும். முந்தியதையும் அறியவேண்டுமெனில் உறுப்பொன்றுக்கு இன்னுமொரு சுட்டி, அதாவது இன்றைய கணினிகளில் 8 பைட்டு, கூடுதலாக வேண்டும். ஐம்பதினாயிரம் சொற்களுக்கு 4,00,000 பைட்டு. நமக்கு இது ஒன்றுமில்லை. கோடிக்கணக்கில் சேமிப்போர்க்கு அது செலவு. பொருளற்ற வசதிக்கு எல்லோரும் விலை கொடுப்பதா என்பதே வடிவமைத்தோர் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இனி என் பைத்தான் நிரலுக்கு வருவோம். பழைய பதிப்பில் ஒரே கணினியில் ஹாஷ் எண் மாறாதிருந்ததால் தற்செயல் வரிசையும் மாறாதிருந்தது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாடொன்றில், ஒரே அறையில் வந்து விழுமாறு தேர்ந்த சொற்களை அனுப்பி இணைய வழங்கிகளைத் திணறவைக்கலாம் என்று காட்டப்பட்டது. அதன் விளைவாக, 2012இல் வந்த பைத்தான் 3.3 ஒவ்வொரு ஓட்டத்திலும் ஹாஷ் கணிப்பில் ஒரு குருட்டெண்ணைக் கலந்தது. மாணவர் கண்ட மாற்றம் அதுவே. அதே ஆண்டில் வெளியான கோ மொழியின் முதற்பதிப்போ, நிரலாளர் எவரும் வரிசையை நம்பிவிடக் கூடாது என்றே நடையைக் குலைத்துவைத்தது. அத்தகைய கண்டிப்பு 2009இல் எனக்கு வாய்த்திருந்தால் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும்.

கதை அத்துடன் முடியவில்லை. 2016இல் வந்த பைத்தான் 3.6 நினைவகச் சிக்கனத்திற்காக டிக்ட்டின் உள்ளமைப்பை மாற்றியது. உறுப்புகள் வந்த வரிசையிலேயே தனிப்பட்டியலில் இருக்கும். ஹாஷ் அறைகளில் அப்பட்டியலின் இட எண் மட்டும் இருக்கும். 2018இல் 3.7 பதிப்பு வருகை வரிசையை மொழியின் உறுதிமொழியாகவே ஆக்கியது. 2019இல் 3.8 பின்னோக்கிய நடையையும் அனுமதித்தது. ஆகவே 2009இல் தவறாயிருந்த என் திருப்புதல், இம்மியும் மாற்றப்படாமல், இன்று சரியான விடையைத் தருகிறது. இதில் மகிழ்ச்சி கொள்ள எதுவுமில்லை. சரி, தவறு இரண்டும் நான் அறியாமலே நிகழ்ந்தன.

இன்றும் இரு எச்சரிக்கைகள் தேவை. வருகை வரிசை என்பது முதல் வருகையின் வரிசை. முன்னரே உள்ள சொல் மீண்டும் வந்தால் அதன் இடம் மாறுவதில்லை. எனவே பின்னோக்கி நடக்கையில் முதலில் எதிர்ப்படுவது நூலில் கடைசியாக வந்த சொல் அன்று. கடைசியாகப் புதிதாய் நுழைந்த சொல். 'கடைசி ஆட்சி' வேண்டுவோர் சொல் வரும்போதெல்லாம் அதை நீக்கி மீண்டும் சேர்த்தல் வேண்டும். அடுத்தது, 'செட்' எனப்படும் கணக் கொள்கலத்திற்கு இவ்வுறுதிமொழி இல்லை. அதைத் திருப்ப முயன்றால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். அதைப் பட்டியலாக மாற்றித் திருப்புவோரை எந்த மொழியும் தடுக்காது. நான் இப்போது காணும் மாணவர் நிரல்களில் மிகுதியான பிழை இங்கேயே நேர்கிறது. ஜாவா மொழியில் வருகை வரிசையைப் பேணும் 'லிங்க்டு ஹாஷ் மேப்' 2002 முதலே உண்டு. அதன் உள்ளே இருவழிச் சங்கிலி இருந்தும், நேராகப் பின்னோக்கி நடக்கும் வழியை 2023இல் வந்த 21ஆம் பதிப்பே திறந்துவிட்டது.

பின்னோக்கி நடக்க விரும்புவோர் சிலரின் நோக்கம் வரிசையே அன்று, நீக்குதல். பட்டியலொன்றில் முன்னிருந்து நீக்கினால் பின்னுள்ளவை நகர்ந்துவிடும் என்பதால் கடையிலிருந்து நீக்கும் பழக்கம் ஏற்பட்டது. ஹாஷ் கொள்கலத்தில் அப்படி நகர்வதில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியில் நீக்கும் கட்டளையே அடுத்த உறுப்பின் சுட்டியைத் தந்துவிடும். அவர்களுக்குப் பின்னோக்கிய நடை வேண்டியதே இல்லை.

தமிழுக்குரிய வரிசையும் ஈற்று வரிசையும்

அப்படியாயின் வரிசை எங்கிருந்து வருகிறது? தொகுப்போர் கொடுப்பதால் வருகிறது. நம் மரபு இதை நன்கறியும். திவாகரம் முதலிய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் அடுக்கின. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகையால், அதாவது இரண்டாம் எழுத்தால், அடுக்கியது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து அடுக்கைக் கொணர்ந்தார். 1732இல் வீரமாமுனிவர் தம் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து, தொடைக்கெனத் தனியடுக்கே வகுத்தார். ஒரே சொற்களஞ்சியம், பயன் நோக்கிப் பல வரிசைகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தெரிந்து செய்தது.

இதே களஞ்சியத்திற்கு ஈற்று வரிசையும் தேவை என்பதை இலக்கணமே சொல்கிறது. தொல்காப்பியத்தின் உயிர்மயங்கியல், புள்ளிமயங்கியல், குற்றியலுகரப்புணரியல் ஆகிய மூன்றும் சொல்லின் ஈற்றைக் கொண்டு பகுக்கப்பட்டவை. நன்னூலின் உயிரீற்றுப்புணரியல், மெய்யீற்றுப்புணரியல் என்னும் பெயர்களே அதைக் காட்டும். வேற்றுமையுருபு, விகுதி, இடைநிலை எல்லாம் சொல்லின் கடைப்பகுதியில் நிற்கும் மொழி நம்முடையது. 'ஆல்' உருபேற்ற சொற்களை ஒருங்கே காண விரும்பும் ஆய்வாளர்க்கு அகர அடைவால் பயனில்லை. அச்சொற்கள் அதில் நூல் முழுதும் சிதறிக் கிடக்கும். அவருக்கு வேண்டியது ஈற்றகராதி. 'பின்னோக்கி' என்று நான் 2009இல் தேடியதில் பாதி உண்மையில் இதுவே. கொள்கலத்தைத் திருப்பினால் ஈற்றகராதி வாராது. ஒவ்வொரு சொல்லையும் அதனுள்ளே திருப்பி, பின்னர் அடுக்கவேண்டும்.

சொல்லைத் திருப்புவதிலும் ஒரு கண்ணி உண்டு. 'நீர்' என்னும் சொல் கணினியில் ந, ஈகாரக் குறி, ர, புள்ளி என்னும் நான்கு குறியெண்கள். அவற்றை அப்படியே திருப்பினால் தொடக்கத்தில் ஒரு புள்ளி அந்தரத்தில் நிற்க, ஈகாரக் குறி ரகரத்தின்மேல் ஏறி, 'ரீந' என்று வரும். திரையில் காணும் எழுத்துகளாகப் பகுத்துத் திருப்பினால் 'ர்நீ' என வரும், இது மேல். ஆனால் இதுவும் போதாது. வாளால், வேலால், நிலத்தால் என்னும் மூன்றிலும் உள்ள ஈறு 'ஆல்'. எழுத்துப்படி பார்த்தால் கடைசி 'ல்' ஒன்றே பொது; அதற்கு முன்னுள்ளவை ளா, லா, தா என வேறுபட்டு நிற்கின்றன. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து ள்+ஆ+ல் என எழுதிய பின்னரே மூன்றும் ஓரிடத்தில் கூடும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்னும் இலக்கணப் பாடம் நிரலுக்குள் நுழையவேண்டிய இடம் இது. திருப்பிய வடிவத்தை மறைவான திறவுகோலாக வைத்துக்கொண்டு, அச்சில் சொல்லை இயல்பான வடிவிலேயே தருவது நன்று.

முன்னோக்கிய அகரவரிசையும் தானாக வருவதன்று. யூனிக்கோடு அட்டவணையில் நகரத்தை அடுத்தே னகரமும், ரகரத்தை அடுத்தே றகரமும், லகரத்தின் பின் ள, ழ, வ என்ற முறையும், சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையில் ஜகரமும் உள்ளன. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே வைக்கப்பட்டுள்ளது. குறியெண் வரிசையை நம்பினால் 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னுமாக வரும். அகராதி மரபோ மெய்யை முதலில் வைப்பது. ஆகவே 'அடுக்கு' என்று கட்டளையிடுவது போதாது. க, ங, ச, ஞ எனத் தொடங்கி ற, ன என முடியும் நம் வரிசையை நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும்.

ஹாஷ் முறைக்கே உரிய இன்னொரு தமிழ்ச் சிக்கலைத் தனியே கூறவேண்டும். 'கொடி' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை. முற்கூறிய கூட்டலில் முதலாவது 11,965; இரண்டாவது 14,967. ஏழு அறைகளுள் ஒன்று இரண்டாம் அறைக்கும் மற்றது ஒன்றாம் அறைக்கும் செல்கின்றன. ஒரு சொல் இரண்டாகப் பதிவாகி, அதன் ஆட்சி எண்ணிக்கையும் இரண்டாகப் பிளந்துவிடும். பல மின்தொகுப்புகளை ஒன்றாக இணைப்போர் கொள்கலத்துள் இடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் இன்றியமையாதது.

நான் இப்போது கைக்கொள்ளும் முறை இதுதான். தொகுக்கும்போது ஹாஷ் கொள்கலம். வேகத்தில் அதற்கு நிகரில்லை. தொகுத்து முடிந்ததும் சொற்களைப் பட்டியலாக எடுத்து, வருகை, அகரம், ஈறு என்னும் மூன்று திறவுகோல்களால் மும்முறை அடுக்கி மூன்று பட்டியல்கள். ஐம்பதினாயிரம் சொற்களை அடுக்க ஏறத்தாழ எட்டு இலட்சம் ஒப்பீடுகள்; தேநீர் ஊற்றும் நேரம்கூட ஆவதில்லை. பின்னோக்கிப் படிக்க வேண்டுமெனில் இப்பட்டியல்களுள் ஒன்றைக் கடையிலிருந்து படிக்கலாம். அப்போது அந்தக் 'கடை'க்குப் பொருள் உண்டு. மேற்கோள் எண்ணாகப் பாடல் எண், அடி எண், அடியுள் சொல்லின் இடம் ஆகியவற்றையே தருகிறேன். எந்த நிரலின் எந்தப் பதிப்பும் அவற்றை மாற்ற இயலாது.

சொல்லடைவு வெளியிடுவோர் எந்த வரிசையில் அடுக்கினோம், குறிவடிவங்களை எவ்வாறு ஒருமைப்படுத்தினோம் என்பதை முன்னுரையில் இரண்டு வரிகளில் சொல்லும் வழக்கத்தை இம்மாநாட்டுப் பேராளர்கள் மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். என் பழைய அடிக்குறிப்புகளின் எண்களைப் பாடல், அடி எண்களாக மாற்றிய திருத்தப் பட்டியல் ஆயத்தமாகி வருகிறது. முதல் நிரல் ஓடிய கணினி இப்போது இல்லாததால், சில எண்களுக்குரிய சொல்லைக் கட்டுரையின் வாதத்தைக் கொண்டே உய்த்துணர வேண்டியிருக்கிறது. பதினேழு எண்களுக்கு அதுவும் கைகூடவில்லை.